விடையிலிருந்து எழுதிய அளவீடுகள்

கரும்பலகையில் கணினி அறிவியலுக்கு நேரே இருந்த ஆறு என்பதை ஈரத்துணியால் துடைத்துவிட்டு ஐந்து என்று எழுதினார் கல்லூரி ஊழியர். எழுதிய கையோடு சுண்ணக்கட்டியைச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டு உள்ளே போனார். கதவு அவருக்குப் பின்னால் பாதி சாத்திக்கொண்டது. ஐந்து. ஆவுடைச்செல்வி அந்த எண்ணைப் பார்த்தாள், பிறகு அதைப் பார்க்காதவள்போல் வெளியே சாரலைப் பார்த்தாள், பிறகு மறுபடியும் எண்ணைப் பார்த்தாள். ஆனிச் சாரல் மலையிலிருந்து இறங்கி அரசுக் கல்லூரியின் தாழ்வாரத்துக்குள் சாய்வாக விழுந்துகொண்டிருந்தது. சான்றிதழ் உறைகளை நெஞ்சோடு அணைத்தபடி நூறு பேர் சுவரோடு சுவராக ஒட்டி நின்றார்கள். முதலாண்டுச் சேர்க்கைக்கான கலந்தாய்வு. தரவரிசைப்படி ஐந்தைந்து பேராக, மாணவர்களை மட்டும் உள்ளே அழைப்பார்கள். உள்ளே போனவர் எந்தப் பாடம் என்று வாயால் சொல்லவேண்டும்; சொன்னதும் மாற்றுச் சான்றிதழின் அசலை வாங்கிக் கட்டோடு சேர்த்துவிடுவார்கள்; அதன் பிறகு சொன்னது சொன்னதுதான். ஐவரும் முடித்தபின் ஊழியர் வெளியே வந்து கரும்பலகையில் மீதி இடங்களைத் திருத்துவார். பலகையில் வகுப்புவாரியாகப் பல பத்திகள் இருந்தன. அவளும் துணைக்கு வந்த அண்ணனும் பார்க்கவேண்டியது இடமிருந்து இரண்டாவது பத்தி. அந்தப் பத்தியில் கணினி அறிவியல் மட்டும் காலை முதல் கரைந்துகொண்டே வந்தது. இயற்பியலுக்கு நேரே எழுதப்பட்ட பதினொன்றை ஒருவரும் தொடவில்லை. சுண்ணத்தின் விளிம்புகூடக் கலையாமல் அது நின்றது, விசேஷ வீட்டில் யாரும் பேச்சுக்கொடுக்காத உறவினர்போல. இப்போது ஐம்பதாம் எண் வரை முடிந்திருந்தது. அவளுடைய எண் அறுபத்துநான்கு. பதின்மூன்று பேர் நடுவில். பதின்மூன்று பேரில் ஐந்து பேர் எடுத்துக்கொண்டால் போதும், அவள் வாய் திறக்கத் தேவையே இராது. இதை நினைத்தவுடன் அவளுக்குக் கூச்சமாக இருந்தது, ஏனென்றால் அண்ணன் இரண்டடி தள்ளி நின்று அதே எண்ணைப் பார்த்து, அது குறையவே கூடாது என்று உதட்டை அசைத்துக்கொண்டிருந்தான். இருவரும் ஒரே கோமதியம்மனிடம்தான் கேட்டுக்கொண்டிருக்கவேண்டும். அம்மன் யாருக்குத் தலையசைப்பாள்?

"பயப்படாத," என்றான் அண்ணன் வேலாயுதம். "ஒனக்கு முன்னால இருக்கதுல பாதிப் பேரு கணக்குக்குப் போயிருவான். டீச்சர் வேல, பி.எட்னு வீட்ல சொல்லி அனுப்பியிருப்பாவ. நான் விசாரிச்சாச்சு." அவன் எல்லாவற்றையும் விசாரித்திருந்தான். விசாரிக்காமல் பொறியியல் கல்லூரியில் சேர்ந்தவன் அவன். அந்த ஆண்டு தெருவில் நான்கு பேர் இயந்திரவியலுக்குப் போனார்கள், ஐந்தாவதாக அவனும் போனான், இன்று கோயம்புத்தூரில் ஒரு பம்பு கம்பெனியில் அட்டைப்பெட்டிகளுக்குப் பட்டை ஒட்டும் பிரிவில் நிற்கிறான். "எனக்குச் சொல்ல ஆளு இல்ல ஆவுடை, ஒனக்கு நான் இருக்கேம்லா," என்று நேற்று மாலை சொன்னபோது அவன் குரல் லேசாகத் தழுதழுத்தது. அந்தத் தழுதழுப்புத்தான் அவளை மடக்கிப் போட்டது. அதட்டியிருந்தால் எதிர்த்துப் பேசியிருக்கலாம். நாட்காட்டித் தாள் ஒன்றைத் திருப்பிப்போட்டு அதன் முதுகில் அவன் எழுதினான். தாளின் அடியில் முதலில் எழுதியது: இருபத்திரண்டு வயது, சென்னை, கம்பெனி. அதற்கு மேல்: எம்.சி.ஏ., இரண்டு வருடம். அதற்கு மேல்: பி.எஸ்சி., கணினி அறிவியல், மூன்று வருடம். எல்லாவற்றுக்கும் மேல், கடைசியாக: நாளை. அடியிலிருந்து மேலே. அவன் எழுதி முடித்து நிமிர்ந்தபோது அம்மா, "எம்மாடி, எவ்வளவு தெளிவா இருக்கு!" என்றாள், அப்பா தாளை வாங்கி வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். ஆவுடை மட்டும் அவன் கை நகர்ந்த திசையைப் பார்த்துக்கொண்டிருந்தாள். விடையை முதலில் எழுதிவிட்டு மேலே ஏறிப்போவது. அந்தத் திசை அவளுக்குத் தெரியும். அவளைவிட நன்றாக அதில் ஏறத் தெரிந்தவர்கள் அவளுடைய பள்ளியில் யாரும் இல்லை. "பிசிக்ஸ் எடுத்தா என்னண்ணே?" என்று, குழம்புக்கு உப்புப் போதுமா என்று கேட்கிற குரலில் கேட்டுவைத்தாள். "பிசிக்ஸ் படிச்சு என்ன ஆவ?" என்றான் அவன். கோபமாக அல்ல, உண்மையாகவே தெரிந்துகொள்ள விரும்புகிறவனாகக் கேட்டான். நாட்காட்டித் தாளில் எழுதுவதற்கு அடிவரி ஒன்றும் அவளிடம் இல்லை.

என்ன ஆவாய்? சாரல் திசைமாறி அவளுடைய இடது தோளை நனைத்தது; அவள் உறையை வலக்கைக்கு மாற்றினாள். உறைக்குள்ளே மதிப்பெண் பட்டியல்; பட்டியலில் இயற்பியலுக்கு நேரே தொண்ணூற்றேழு; அந்தத் தொண்ணூற்றேழுக்குள்ளே செய்முறைக்கு முப்பது. அவளுடைய வகுப்பில் முப்பத்தெட்டுப் பேருக்கும் முப்பது. அந்த முப்பத்தெட்டு முப்பதுகளில் அவளுடைய கைவேலை எவ்வளவு என்பது இயற்பியல் ஆசிரியர் அருளப்பன் சாருக்கும் வகுப்புக்கும் மட்டும் தெரியும். ஆய்வகத்தில் இருந்த கருவிகளில் பாதி வேலை செய்யாது. வேலை செய்கிற பாதியில் எடுக்கிற அளவீடு புத்தகத்து விடைக்கு வந்து சேராது. "வெட தெரிஞ்சாச்சுல்லா? பெறவென்ன, அங்கயிருந்து பின்னாடியே நடந்து வா," என்பார் சார். சூத்திரத்தில் விடையை வைத்து, கோணத்தைக் கண்டுபிடித்து, கோணத்தைக் கட்டத்தில் நிரப்பி, பிறகு கட்டத்திலிருந்து சராசரி எடுத்து, சராசரியிலிருந்து விடையைக் 'கண்டுபிடிப்பது'. எல்லோருக்கும் இது தெரியும். ஆனால் எல்லோரும் செய்தால் எண்கள் பளிச்சென்று ஒன்றுபோல வந்துவிடும். "வெளியூர்லயிருந்து வாரவன் மோந்து பாத்துருவான். எங்க அந்த ஆவுடை? கொஞ்சம் அங்கங்க கலைச்சுப் போடு, தாயி." அவள் கலைத்துப் போடுவாள். நாற்பத்திரண்டு பாகை வரவேண்டிய இடத்தில் ஒருத்திக்கு நாற்பத்தொன்று, இன்னொருத்திக்கு நாற்பத்திரண்டரை, சோம்பேறியென்று பெயரெடுத்தவளுக்கு நாற்பத்துநான்கு. ஆனால் நான்காவது வரிசையில் அதைச் சமன்செய்ய ஒரு நாற்பது. அளப்பவரின் சுபாவத்துக்கு ஏற்ற பிழை. இதைப் பொய் என்று சொல்வதே முறை. அன்று அவள் அப்படிச் சொல்லவில்லை. அன்று அது அவளுக்குக் கோலம் போடுவதுபோல இருந்தது, விரல்நுனியில் வந்தது. பொதுத்தேர்வுக்கு வந்த புறத்தேர்வாளர் அவளுடைய தாளை மூக்குக் கண்ணாடிக்கு அருகே கொண்டுபோய், "ரீடிங் எல்லாம் எவ்வளவு பதமா இருக்கு! பிசிக்ஸ்ல நல்லா வருவம்மா நீ," என்றார். அந்த ஒரு வாக்கியம்தான். அவளுக்கு இயற்பியல் வரும் என்பதற்கு உலகத்தில் இருக்கிற ஒரே சாட்சி அதுதான். அந்தச் சாட்சியும் அவளே தயாரித்த எண்களைப் பார்த்துச் சொன்னது. அப்படியானால் அவளுக்கு வருவது எது? இயற்பியலா, கலைத்துப் போடுவதா? கலைத்துப் போடத் தெரிந்தவளுக்கு மூன்று வருடம் இயற்பியல் எதற்கு? ஆனால் மூன்று வருடம் வேறு எதுதான் எதற்கு?

கதவு திறந்தது. ஊழியர் வந்தார், துடைத்தார், எழுதினார். மூன்று. "பாத்தியா?" என்றான் அண்ணன், மூன்று என்பது தனக்கு வந்த நல்ல செய்திபோல. ஐந்திலிருந்து மூன்று, இன்னும் ஒரு தொகுதி, அதே வேகத்தில் போனால் ஒன்று, ஒன்றுக்கும் அவளுக்கும் நடுவே மூன்று பேர். அவள் தன்னையறியாமல் பின்னோக்கிக் கணக்குப் போட்டுக்கொண்டிருந்தாள்: பூச்சியம் வருவதற்கு இன்னும் எத்தனை பேருக்குக் கணினி ஆசை இருக்கவேண்டும், அவர்கள் எப்படிப்பட்ட முகத்தோடு இருக்கவேண்டும். வரிசையில் முன்னால் நின்ற கண்ணாடிக்காரப் பையனை அவள் கணினிக்குப் போட்டாள். நெற்றியில் விபூதிக்கீற்றுப் போட்டிருந்தவளைக் கணக்குக்குப் போட்டாள். பிறகு போதவில்லை என்று விபூதிக்காரியையும் கணினிக்கு மாற்றினாள். "ஏ, ஒனக்கு எத்தன?" என்று பின்னாலிருந்து ஒரு விரல் அவள் முதுகில் குத்தியது. திரும்பினாள். ஒல்லியான பெண், ஈரப் பின்னல், கையில் துணிக்கடைப் பையில் சுற்றிய சான்றிதழ்கள். "அறுவத்திநாலு." "அப்போ நான் ஒனக்குப் பொறத்தால. ஜெபக்கனி. அறுவத்தஞ்சு. தனியாத்தான் வந்தேன், அம்மைக்கு ஆஸ்பத்திரியில டூட்டி. பஸ்ல ஒரு கெழவன் ரெண்டு மணி நேரம் எந் தோள்ல தூங்கிட்டு, எறங்கும்போது 'நல்லா படிம்மா'ன்னு ஆசீர்வாதம் பண்ணிட்டுப் போறான்." ஆவுடை சிரித்துவிட்டாள், சிரித்ததும் அண்ணன் திரும்பி முறைத்தான், பரீட்சை அறையில் பேசியவளைப் பார்ப்பதுபோல. ஜெபக்கனி குரலைத் தாழ்த்தி, "ஒங்க அண்ணனா? முட்டுக்கட்டை மாதிரி நிக்காரு," என்றாள். பிறகு, சிரிப்பில்லாமல், பலகையைப் பார்த்து: "மூணுதான் இருக்கு. எனக்குக் கம்ப்யூட்டர் கெடைக்கலன்னா வீட்ல இருக்கச் சொல்லிட்டாங்க. வேற எதுவும் படிச்சா வேல கெடைக்காதாம். நீ எது எடுக்கப்போற?" ஆவுடை வாயைத் திறந்தாள். அண்ணனுடைய காது அவள் பக்கம் இருந்தது. "இன்னும் தெரியல," என்றாள். "தெரியலயா! அறுவத்திநாலாம் நம்பர வச்சுக்கிட்டுத் தெரியலன்னு சொல்லுத, கொழுப்புத்தான்," என்றாள் ஜெபக்கனி.

தெரியவில்லை என்பது பொய்யா? ஒரு நாள் மட்டும் அவளுக்குத் தெரிந்திருந்தது. தை மாதத்தில், பொதுத்தேர்வுக்கு முந்திய மாதிரிச் செய்முறை; சீட்டுக் குலுக்கி எடுத்ததில் அவளுக்கு வந்தது டேஞ்சன்ட் கால்வனாமீட்டர். நிற்கவைத்த வளையம், அதில் சுற்றிய கம்பி, நடுவே கண்ணாடி மூடிய வட்டப்பெட்டிக்குள் ஒரு காந்த ஊசி. கம்பியில் மின்சாரம் விட்டால் ஊசி வடக்கை விட்டு விலகி நிற்கும். விலகிய கோணத்திலிருந்து, பூமி அந்த மேசையின் மேல் எவ்வளவு பலமாக ஊசியை இழுக்கிறது என்று சொல்லிவிடலாம். கருவி நன்றாக இருந்தது, அபூர்வமாக. நேரமும் இருந்தது. ஆகவே அவள், வேடிக்கைக்காக, உண்மையிலேயே அளந்தாள். ஊசியின் பிம்பம் அடியிலிருந்த கண்ணாடியில் ஊசிக்குள்ளேயே மறையும்வரை ஒரு கண்ணை மூடிக் குனிந்து பார்த்தாள். நாற்பத்திரண்டு வரவேண்டும். நாற்பத்தேழு வந்தது. மின்சாரத்தைத் திசைமாற்றினாள், நாற்பத்தேழு. கம்பிகளைக் கழற்றி, முனைகளைத் தேய்த்து, மறுபடி மாட்டினாள், நாற்பத்தேழு. துப்பட்டாவில் குத்தியிருந்த ஊக்கைக் கழற்றி ஜன்னல் திட்டில் வைத்தாள், பிறகு கொண்டை ஊசிகளை ஒவ்வொன்றாக உருவி வைத்தாள், கூந்தல் அவிழ்ந்து முகத்தில் விழுந்தது, பக்கத்து மேசைக்காரி, "என்னட்டி, சாமி வந்துட்டா?" என்றாள், ஊசி நாற்பத்தேழிலேயே நின்றது. அப்போது அவளுக்கு வந்ததைப் பயம் என்றும் சொல்லலாம். பிழை என்றால் அங்குமிங்கும் ஓடவேண்டும், அவள் கலைத்துப் போடுகிற பிழைகளைப்போல, இது ஓடவில்லை. இது அதே இடத்தில் நின்று அவளைப் பார்த்தது. தவறான ஒன்று இவ்வளவு உறுதியாக நிற்குமானால் அதைத் தவறு என்று யார் சொன்னது? மேசையிலா, சுவரிலா, பூமிக்கு உள்ளேயா, எங்கே இருந்து எது அந்த ஊசியை ஐந்து பாகை தள்ளுகிறது? "சார், நாப்பத்தேழே வருது," என்றாள். "வரும் வரும். நேரமாச்சு, நாப்பத்திரண்டுன்னு போட்டு முடி, தாயி," என்றார் சார். அவள் போட்டாள். நாற்பத்தொன்றரை, நாற்பத்திரண்டு, நாற்பத்திரண்டரை, நாற்பத்திரண்டு. வீட்டுக்குப் போகிற பேருந்தில் அழுகை வந்தது. ஏன் என்று தெரியாததால் பல்வலி என்று சொல்லிவைத்தாள். அன்றிலிருந்து ஐந்து மாதமாக அந்த நாற்பத்தேழு அவளுக்குள்ளே நிற்கிறது. சாப்பிடும்போது நிற்கிறது. இது இயற்பியல்மேல் ஆசை என்பதா? ஆசை என்றால் இனிக்கவேண்டாமா? இது முள்போலல்லவா இருக்கிறது. ஒரு முள்ளை வைத்துக்கொண்டு மூன்று வருடத்தைக் கேட்பதா? நாட்காட்டித் தாளின் அடியில் எதை எழுதுவது, நாற்பத்தேழு என்றா?

"அறுபத்தொண்ணுலேர்ந்து அறுபத்தஞ்சு!" பலகையில் இரண்டு என்று இருந்தது, எப்போது எழுதினார் என்றே அவள் பார்க்கவில்லை. அண்ணன் அவள் கையைப் பிடித்தான், அவன் உள்ளங்கை ஈரமாக இருந்தது, சாரலா வேர்வையா. "ரெண்டு இருக்கு. முன்னால மூணு பேரு. ஒண்ணாவது மிஞ்சும். போனதும் வேற பேச்சே வேண்டாம். என்ன வேணும்னு கேட்டா கம்ப்யூட்டர் சயின்ஸ், ஒரே வார்த்த. என்ன?" அவள் தலையை ஆட்டினாள். ஆம் என்றும் இல்லை என்றும் எடுத்துக்கொள்ளத்தக்க ஆட்டு. அதிலும் அவளுக்குக் கைத்திறன் உண்டு. "எனக்குப் படபடன்னு வருது," என்று அவன் சொல்லி, சிரிக்க முயன்றான். அவனுக்கு இருபத்தாறு வயது, இரண்டு பகல் விடுப்பு எடுத்து, ஓர் இரவு முழுக்க நின்றுகொண்டே பேருந்தில் வந்திருந்தான். அவனுடைய காலணியின் முனையில் கம்பெனியின் பசை காய்ந்து ஒட்டியிருந்தது. இவனுக்கு முன்னால் நாற்பத்தேழு என்று சொல்வது எப்படி?

உள்ளே நீளமான அறை. மின்விசிறி சுழன்றது, காற்று வரவில்லை. ஐந்து பேரும் சுவரோரமாக ஒரு மரப்பலகையில் எண்வரிசையில் உட்கார்ந்தார்கள். எதிரே மேசைக்குப் பின்னால் மூன்று பேராசிரியர்கள், நடுவிலிருந்த அம்மையார் கையில் சிவப்புப் பேனா. கதவு சாத்தப்பட்டது. அண்ணனுடைய முகம் மறைந்ததும் நிம்மதி வரும் என்று நினைத்தாள். வரவில்லை. அறுபத்தொன்று, விபூதிக்காரி, எழுந்து போனாள். கணக்கு. அறுபத்திரண்டு, கண்ணாடிக்காரன். கணினி. அம்மையார் பக்கத்திலிருந்தவரிடம், "ஒண்ணு பாக்கி," என்றார். அறுபத்துமூன்று எழுந்தபோது ஆவுடை அவனுடைய முதுகைப் பார்த்து, எடுத்துக்கொள், எடுத்துக்கொள், எடுத்துக்கொண்டு என்னை விட்டுவிடு என்று உள்ளுக்குள் கெஞ்சினாள். அவன் தலையைச் சொறிந்தான். "வேதியியல், மேடம்." ஆகவே ஒன்று இருந்தது. பக்கத்தில் ஜெபக்கனியின் முழங்கால் துள்ளிக்கொண்டிருந்தது. பலகை முழுவதும் அதிர்ந்தது. "ஏட்டி," என்று அவள் மூச்சுக்காற்றாகக் கேட்டாள், "நீ எதுட்டி?" அந்தக் கணத்தில் ஆவுடைக்கு எல்லாம் அழகாகப் பொருந்தி வந்தது. இந்தப் பெண்ணுக்காக விட்டுக்கொடுத்தேன் என்று வைத்துக்கொள்ளலாம். அம்மாகூட ஒப்புக்கொள்வாள், புண்ணியம் என்பாள். அதைவிட எளிது ஒன்றும் இருந்தது. வெளியே போய், தீர்ந்துபோச்சுண்ணே, என்றால் போதும். நான் இயற்பியல் சொன்னதும் ஜெபக்கனி கடைசி இடத்தை எடுத்துக்கொள்வாள். ஊழியர் வெளியே வந்து பூச்சியம் எழுதுவார். எனக்கு முந்தியவன் எடுத்தானா பிந்தியவள் எடுத்தாளா என்பதைப் பூச்சியம் சொல்லாது. அண்ணன் பலகையைப் பார்ப்பான், பலகையும் நானும் ஒன்றையே சொல்வோம். கொஞ்சம் கண்கலங்கினால் இன்னும் பொருத்தம். அவன்தான் என்னைத் தேற்றுவான். சமனான பிழை, அளப்பவரின் சுபாவத்துக்கு ஏற்ற பிழை. எந்தப் புறத்தேர்வாளரும் மோப்பம் பிடிக்கமுடியாது. இதைவிடப் பதமான ரீடிங்கை அவள் வாழ்க்கையில் எழுதியதில்லை. எழுதிமுடித்துவிட்டோம் என்று தெரிந்தபோதுதான் அவளுக்கு உடம்பு சில்லிட்டது. எவ்வளவு விரைவாக வந்தது! இயற்பியல் வேண்டும் என்பதையே அவள் இன்னும் தனக்குச் சொல்லிக்கொள்ளவில்லை, அதற்குள் அதை மறைப்பதற்கான நான்கு வரிசைக் கட்டமும் நிரம்பிவிட்டது. ஆக, விடை முன்பே இருந்திருக்கிறது. பேருந்தில் அழுத அன்றே இருந்திருக்கிறது. ஐந்து மாதமாக அவள் தெரியாது தெரியாது என்று சொல்லிக்கொண்டிருந்தது, அந்தக் கட்டத்தை ஒழுங்காக நிரப்ப அவகாசம் வேண்டித்தானா?

"அறுபத்தினாலு." கால்கள் எழுந்தன. மேசைவரை ஏழெட்டு அடி. ஒவ்வோர் அடியிலும் அவள் வேறொருத்தியாக இருந்தாள்: கம்பெனி அடையாள அட்டை தொங்குகிறவளாக, வீட்டில் கதவைச் சாத்திக்கொண்டு உட்கார்ந்திருக்கிறவளாக, ஒன்றும் ஆகாதவளாக. அம்மையார் மதிப்பெண் பட்டியலை ஒரு பார்வை பார்த்தார். "கம்ப்யூட்டர் ஒண்ணு இருக்கு. அதிர்ஷ்டம்தான் போ. எழுதிரவா?" கேட்டுக்கொண்டே பேனா தாளில் இறங்கிவிட்டது, 'க' என்ற எழுத்தின் முதல் கோடு விழுந்துவிட்டது. அந்தச் சிவப்புக் கோட்டை ஆவுடை பார்த்தாள். சும்மா இருந்தால் போதும். சும்மா இருப்பது பொய்கூட இல்லை. "இல்ல மேடம்," என்றது யாரோ. "என்ன இல்ல?" "பிசிக்ஸ்." தமிழிலும் ஒருமுறை சொன்னாள். "இயற்பியல், மேடம்." அம்மையார் பேனாவை நிறுத்தி நிமிர்ந்தார். "காலையிலிருந்து உட்கார்ந்திருக்கேன், நீதான் முதல் போணி. யோசிச்சுத்தான் சொல்றியா? வெளிய போனதும் அப்பா அடிச்சாரு, மாத்திக் குடுங்கன்னு அழுதுகிட்டு வரக்கூடாது." "அப்பா வரல. அண்ணன்." "சரி, அண்ணன் அடிச்சாருன்னு." பக்கத்திலிருந்த இருவரும் சிரித்தார்கள், பின்னால் ஜெபக்கனியின் முழங்கால் துள்ளுவது நின்றிருந்தது. "யோசிச்சுட்டேன், மேடம்," என்றாள். 'க'வின் கோடு அடிக்கப்பட்டது. உறையிலிருந்து மாற்றுச் சான்றிதழை எடுத்து நீட்டினாள். அம்மையார் அதை வாங்கித் துளையிட்டு நூலில் கோத்துவிட்டார். அவ்வளவுதான். திரும்பும்போது ஜெபக்கனி அவளை, நடுத்தெருவில் தங்கத்தைப் போட்டுவிட்டுப் போகிறவளைப் பார்ப்பதுபோல வாயைத் திறந்து பார்த்தாள். பிறகு எழுந்து மேசைக்கு ஏறக்குறைய ஓடினாள்.

தாழ்வாரம் வெளிச்சமாக இருந்தது, சாரல் விட்டிருந்தது. அண்ணன் கதவுக்கு நேரே, இருவரை இடித்துக்கொண்டு நின்றான். பலகையில் இன்னும் இரண்டு என்றே இருந்தது. "கெடச்சுதா?" என்றான். அவள் முகத்தைப் பார்த்தான். அவன் முகமே அவளுக்கு வழி செய்துகொடுத்தது, கலக்கம் ஏறி, புருவம் தாழ்ந்து, "தீந்துபோச்சா?" என்று அவனே கேட்டான். தீர்ந்துபோச்சு. அவனே சொல்லிவிட்டான். அவள் தலையை மேலும் கீழுமாக ஒருமுறை அசைத்தால் முடிந்தது. ஆம் என்றும் இல்லை என்றும் எடுத்துக்கொள்ளத்தக்க அந்த ஆட்டுகூட வேண்டாம், கண்ணைத் தாழ்த்தினால் போதும். பின்னால் கதவு திறந்தது, யாரோ சிரித்தபடி ஓடிவருகிற காலடி கேட்டது, ஊழியர் ஈரத்துணியோடு அவளைத் தாண்டிப் பலகைக்குப் போனார். "சொல்லு ஆவுடை. போனா போவுது. நீ போகும்போது எத்தன இருந்துச்சு?" 

"ஒண்ணு," என்றாள்.

அவனுக்கு விளங்கவில்லை. "ஒண்ணுன்னா... ஒனக்கு முன்னால உள்ளவன் எடுத்துட்டானா?"

"இல்லண்ணே. என் முறை வரும்போது ஒண்ணு இருந்துச்சு. எழுதவே போனாங்க. நாந்தான் வேண்டாம்னு சொன்னேன். பிசிக்ஸ் எடுத்திருக்கேன்."

தாழ்வாரத்தில் யாரோ ஒரு தகப்பனார் தும்மினார். அண்ணன் அவளைப் பார்த்தான், கதவைப் பார்த்தான், அவள் கையிலிருந்த, ஒரு தாள் குறைந்த உறையைப் பார்த்தான். "சர்டிபிகேட்டக் குடுத்துட்டியா?" "குடுத்துட்டேன்." "ஏம்பிள்ள?" என்றான். பிறகு, நேற்று மாலை கேட்ட அதே கேள்வியை மறுபடி கேட்டான். ஆனால் இந்த முறை அது உண்மையாகவே வலித்துக்கொண்டு வந்தது. "பிசிக்ஸ் படிச்சு என்ன ஆவ?"

"தெரியாதுண்ணே," என்றாள். "இன்னும் தெரியாது."

சொல்லிவிட்டு, வழக்கம்போல அடுத்த வாக்கியத்துக்காக உள்ளே துழாவினாள். அங்கே எதுவும் தயாராக இல்லை. அவன் கத்தலாம்; இங்கேயே விட்டுவிட்டுப் பேருந்து நிலையத்துக்கு நடக்கலாம்; கோயம்புத்தூரிலிருந்து இனிப் பேசாமலே இருந்துவிடலாம். அவனுடைய கண்ணோரத்தில் ஒன்று துடித்தது, நின்றது, மறுபடி துடித்தது. அந்த முகம் என்னவாக மாறப்போகிறது என்று முன்கூட்டி எழுதிக்கொள்ளாமல், அது மாறும்வரை, ஆவுடை கண்ணெடுக்காமல் பார்த்துக்கொண்டு நின்றாள்.